காலனியத்தை எதிர்த்த அரபு நாட்டு யூதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரைப் பற்றிய பக்கம் இது?

அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோ, எகிப்து, இராக் ஆகிய நாடுகளில் வாழ்ந்து, அங்கே நடந்த பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆதிக்கத்தை எதிர்த்து எழுதிய, இயக்கம் கட்டிய, சிறை சென்ற, சிலர் தூக்குமேடை வரை போன யூதர்களைப் பற்றியது. காலம் பெரும்பாலும் 1930களிலிருந்து 1970கள் வரை.

யூதர் என்றதும் போலந்தும் ஜெர்மனியும் நியூயார்க்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பாக்தாதிலும் துனிஸிலும் தலைமுறை தலைமுறையாக அரபு பேசி, அரபு இசை கேட்டு வாழ்ந்தவர்கள் நினைவுக்கு வருவதில்லை. இராக் யூதர்களின் முன்னோர் அங்கே போய்ச் சேர்ந்தது, நெபுகத்நேசர் எருசலேமை அழித்த கி.மு. 6ஆம் நூற்றாண்டில். இஸ்லாம் பிறக்க அப்போது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

காலனிய ஆட்சியில் யூதர்கள் ஆண்டவர் பக்கமா, ஆளப்பட்டவர் பக்கமா?

இரண்டுக்கும் நடுவில் நிறுத்தப்பட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள அல்ஜீரியாவைப் பார்ப்பதே நல்லது.

1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி முஸ்லிம்களும் யூதர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள்: பிரான்ஸின் ஆளுகைக்கு உட்பட்டவர்கள், ஆனால் முழுக் குடிமக்கள் அல்லர். ஐந்தே ஆண்டுகளில் அந்தச் சமநிலை உடைந்தது. 1870 அக்டோபர் 24 அன்று, நீதியமைச்சர் அடோல்ஃப் க்ரெமியூவின் பெயரால் அறியப்படும் ஆணை, அல்ஜீரியாவின் ஏறத்தாழ 35,000 யூதர்களை ஒரே வீச்சில் பிரெஞ்சுக் குடிமக்களாக்கியது. முஸ்லிம்கள் இருந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். நேற்று வரை ஒரே சந்தையில் ஒரே மொழியில் பேரம் பேசிய இருவரில் ஒருவருக்கு வாக்குரிமை கிடைத்தது. மற்றவருக்குச் சில ஆண்டுகளில், பூர்வகுடிகளுக்கென்றே எழுதப்பட்ட தனித் தண்டனைச் சட்டம் வந்தது.

அதனால் யூதர்கள் ஆளும் கூட்டமாகிவிடவில்லை. ஐரோப்பியக் குடியேறிகள் இந்த ஆணையை ஒருநாளும் மனதார ஏற்கவில்லை. யூத வெறுப்பையே தொழிலாகக் கொண்ட எடுவார் ட்ரூமோனை 1898இல் அல்ஜியர்ஸ் தன் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

துனிசியாவிலும் மொராக்கோவிலும் இப்படி மொத்தமாகக் குடியுரிமை தரப்படவில்லை. அங்கே பள்ளிக்கூடம் அந்த வேலையைச் செய்தது. 1860இல் பாரிஸில் தொடங்கப்பட்ட ‘அலியான்ஸ் இஸ்ராயெலித்’ என்ற யூதக் கல்வி அமைப்பு, 1862இல் மொராக்கோவின் தெதுவான் நகரில் தன் முதல் பள்ளியைத் திறந்தது. பிறகு மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல ஊர்களில் அந்தப் பள்ளிகள் முளைத்தன. பாடமொழி பிரெஞ்சு. பையன் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆனான். அம்மாவின் அரபைக் கேட்டால் கூசிப்போகவும் பழகிக்கொண்டான்.

காலனிய ஆட்சி ஓர் ஏணி என்றால், இவர்களுக்குக் கிடைத்தது நடுப்படி. ஏணி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும். கீழே உள்ளவரை மிதித்தால்தான் அங்கே நிற்க முடியும் என்பதும் தெரியும். இந்தப் பக்கத்தில் வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாதவர்கள்.

சலுகை பெற்றவர்கள் ஏன் எதிர்க்கப் போனார்கள்?

கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் பிடுங்குவான் என்பதை அவர்கள் நேரில் கண்டார்கள். ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றதும் அமைந்த விஷி அரசு, 1940 அக்டோபர் 7 அன்று க்ரெமியூ ஆணையை ரத்து செய்தது. எழுபது ஆண்டுக் குடியுரிமை ஒரு நாளில் போயிற்று. யூத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள், பள்ளிகளில் யூதப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீட்டு வரம்பு வந்தது. அல்ஜியர்ஸை ஒட்டிய எல் பியாரில் பிறந்த ஜாக் தெரிதா, பின்னாளில் உலகம் அறிந்த தத்துவவாதி, 1942இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுவர்களில் ஒருவர்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. 1942 நவம்பர் 8 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் அல்ஜீரியாவில் இறங்கின. அந்த இரவில் அல்ஜியர்ஸின் முக்கிய நிலையங்களை உள்ளிருந்து கைப்பற்றி விஷி படைகளை முடக்கியவர்கள் ஏறத்தாழ 400 பேர். அவர்களில் பெரும்பாலோர் யூத இளைஞர்கள். வழிநடத்தியவர் ஜோசே அபுல்கேர் என்ற 22 வயது மருத்துவ மாணவர். இதற்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்: நேச நாடுகளின் ஆதரவோடு பதவிக்கு வந்த ஜெனரல் ஜிரோ, 1943 மார்ச்சில் விஷி சட்டங்களை நீக்கியபோது க்ரெமியூ ஆணையை மட்டும் மறுபடி தனியாக ரத்து செய்தார். யூதருக்கும் முஸ்லிமுக்கும் பாகுபாடு கூடாது என்பது அவர் சொன்ன காரணம். இருவரையும் உயர்த்தி அல்ல, இருவரையும் தாழ்த்தி ஏற்படுத்திய சமத்துவம்! அப்போது நியூயார்க்கில் அகதியாக இருந்த ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் இதைப் பற்றி 1943இலேயே கட்டுரை எழுதினார். குடியேறிகளின் நலனே இதன் பின்னால் இருக்கிறது என்பது அவர் வாதம். அக்டோபரில்தான் குடியுரிமை திரும்பி வந்தது.

இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு, பிரான்ஸை இன்னும் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது. சிலர் எடுத்த முடிவு வேறு: இந்த ஆட்சி இருக்கும்வரை யாருடைய உரிமையும் உரிமையல்ல.

அல்பேர் மெம்மி யார்? அவர் ஏன் இவ்வளவு முக்கியம்?

1920இல் துனிஸில் பிறந்தவர். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது, யூத வழக்கு அரபு மட்டுமே பேசுவார். மெம்மி அலியான்ஸ் பள்ளி வழியாக நகரின் சிறந்த பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். 1942–43இல் ஜெர்மானியர்கள் துனிசியாவை ஆக்கிரமித்திருந்தபோது கட்டாய உழைப்பு முகாமில் இருந்தார். போருக்குப் பின் துனிசிய விடுதலையை ஆதரித்து, தேசியவாதிகளின் பத்திரிகையில் வேலை செய்தார்.

1957இல் பிரெஞ்சில் வந்த அவருடைய நூல் காலனியவாதியையும் காலனியப்படுத்தப்பட்டவனையும் இரண்டு உருவப்படங்களாக வரைகிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் அதற்கு முன்னுரை எழுதினார். நூலின் மையக் கருத்து எளியது, ஆனால் குத்தும்: காலனியத்தில் ஒருவர் கெட்டவரா நல்லவரா என்பது இரண்டாம் கேள்வி. சலுகை என்பது உறவிலேயே இருக்கிறது. ஏழை ஐரோப்பியன்கூட, அஞ்சலக வரிசையிலும் காவல் நிலையத்திலும் வேலைக்கான நேர்காணலிலும், தன்னை அறியாமலே ஒரு படி மேலே நிற்கிறான்.

என்னைக் கேட்டால் அந்த நூலின் மிகச் சிறந்த பகுதி, காலனியத்தை மறுக்கும் இடதுசாரிக் காலனியவாதியைப் பற்றியது. அவன் ஆட்சியை வெறுக்கிறான், ஊர்வலம் போகிறான். ஆனால் போராடுகிறவர்கள் பேசும் மொழி அவனுக்குப் புரியவில்லை. அவர்களுடைய மதம் அவனை நெளியவைக்கிறது. நாளை அமையப்போகும் நாட்டில் தனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை. மெம்மி அவனைக் கேலி செய்யவில்லை, மன்னிக்கவும் இல்லை. ‘உன்னால் இதைத் தீர்க்க முடியாது’ என்று சொல்லிவிட்டு நகர்கிறார்.

இவ்வளவு துல்லியமாக அவரால் எழுத முடிந்ததற்குக் காரணம், அவர் இரண்டு படங்களிலும் இருந்தார் என்பதே. துனிசிய யூதர் சட்டப்படி ஆளப்பட்டவர்; பழக்கத்தாலும் ஆசையாலும் பிரெஞ்சுக்காரரைப் போல ஆக முயன்றவர். அதே காலத்தில் காலனியத்தை எதிர்த்து எழுதிய ஃபிரான்ஸ் ஃபனோனின் எழுத்தில் இருக்கும் அனல் மெம்மியிடம் இல்லை. ஆனால் தன்னையே சந்தேகிக்கும் குணம் மெம்மியிடம்தான் அதிகம்.

1956இல் துனிசியா விடுதலை பெற்றது. அதே ஆண்டு மெம்மி பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அரபும் இஸ்லாமும் அரசின் அடையாளமாகும் நாட்டில், பிரெஞ்சில் எழுதும் யூதனுக்கு இடமில்லை என்று கருதினார். ஆனாலும் அந்த நாடு விடுதலை பெற்றது சரியே என்பதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. 2020 மே மாதம், நூறை எட்டச் சில மாதங்கள் இருக்கையில், பாரிஸை ஒட்டிய நெய்யியில் காலமானார்.

அல்ஜீரிய விடுதலைப் போரில் யூதர்கள் யார் பக்கம்?

பெரும்பாலோர் எந்தப் பக்கமும் வெளிப்படையாகச் சேரவில்லை. 1956இல், பிரான்ஸுக்கு எதிரான போரை நடத்திய தேசிய விடுதலை முன்னணி யூதச் சமூகத்துக்கு விடுத்த வேண்டுகோளில், நீங்களும் இந்த மண்ணின் பிள்ளைகளே, எங்களோடு சேருங்கள் என்றது. சமூகத்தின் அமைப்புகள் தாங்கள் சமய நிறுவனங்கள், அரசியல் பேச உரிமை இல்லை என்று நழுவின. பயந்தார்கள் என்பதும் உண்மை, பிரெஞ்சுக் குடியுரிமையை இழக்க விரும்பவில்லை என்பதும் உண்மை.

இந்தப் பெரும்பான்மையிலிருந்து விலகி விடுதலையின் பக்கம் நின்ற சிலரைச் சொல்ல வேண்டும். தானியேல் திம்சித் அல்ஜியர்ஸில் மருத்துவம் படித்துவிட்டு விடுதலை இயக்கத்துக்கு வெடிபொருள் தயாரித்துக் கொடுத்தார், 1956இல் கைதானார். துனிசியாவின் லா குலெத்தில் பிறந்த வழக்கறிஞர் கிசேல் அலிமி, பிரெஞ்சுப் படையினரால் சித்திரவதையும் பாலியல் வன்முறையும் செய்யப்பட்ட ஜமீலா பூபாஷாவின் வழக்கை 1960இல் ஏற்று, எழுத்தாளர் சிமோன் த பூவாவின் துணையோடு பிரான்ஸ் முழுவதையும் பேசவைத்தார்.

ஹென்றி அலெக்கின் கதை தனி. லண்டனில் கிழக்கு ஐரோப்பிய யூதப் பெற்றோருக்குப் பிறந்து, 1939இல் அல்ஜியர்ஸ் வந்து, ‘அல்ஜே ரெபுப்ளிக்கேன்’ நாளிதழின் ஆசிரியரானவர். 1957 ஜூன் மாதம் பிரெஞ்சு வான்குடைப் படையினர் அவரைப் பிடித்து எல் பியாரில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள், நீரில் மூச்சடைக்கச் செய்தார்கள், உண்மை வரவழைக்கும் மருந்தையும் ஊசியில் ஏற்றினார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சிறையில் எழுதிய தாள்கள் வழக்கறிஞர்கள் கையால் துண்டு துண்டாக வெளியே போயின. 1958 பிப்ரவரியில் பாரிஸில் அவை நூலாக வந்தன. சில வாரங்களில் அரசு அதைப் பறிமுதல் செய்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் படித்துவிட்டிருந்தார்கள். பிரெஞ்சுக் குடியரசு சித்திரவதை செய்வதில்லை என்று அதற்குப் பிறகு நேர்மையாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1960 டிசம்பரில் அல்ஜியர்ஸின் பெரிய யூதத் தொழுகைக்கூடம் சூறையாடப்பட்டது. 1961 ஜூனில், கான்ஸ்டன்டைனில் முஸ்லிம்களும் யூதர்களும் ஒன்றாகக் கொண்டாடிய, மாலூஃப் என்ற மரபிசையின் மேதை ஷேக் ரேமோன் சுட்டுக் கொல்லப்பட்டார். போய்விடலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த பல குடும்பங்கள் அதற்குப் பிறகு தயங்கவில்லை.

எகிப்தில்?

எகிப்தில் இந்த மரபு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்குகிறது. 1839இல் கெய்ரோவில் பிறந்த யாகூப் சனூ நாடகக்காரர், கிண்டல்காரர். ‘நீலக் கண்ணாடிக்காரர்’ என்று பொருள்படும் பெயரில் அவர் நடத்திய நையாண்டிப் பத்திரிகை, கடன் வாங்கியே நாட்டை ஐரோப்பியரிடம் அடகு வைத்த எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயிலைப் பேச்சு வழக்கு அரபில் கிழித்தது. 1878இல் நாடுகடத்தப்பட்டார். பாரிஸிலிருந்து தொடர்ந்து அச்சடித்தார்; தடையை மீறி இதழ்கள் எகிப்துக்குள் நுழைந்தன. 1882இல் பிரிட்டன் எகிப்தை ஆக்கிரமித்த பிறகு அவருடைய கிண்டல் ஆங்கிலேயர் மேல் திரும்பியது.

அடுத்து வருபவர் ஹென்றி க்யூரியெல். 1914இல் கெய்ரோவில் ஒரு வங்கியாளர் வீட்டில் பிறந்தார். குடும்பத்தாரிடம் இருந்தது இத்தாலியக் குடியுரிமை, வீட்டில் பேசியது பிரெஞ்சு, படித்தது ஏசு சபைப் பள்ளியில். அரபு கடைசி வரை அவர் நாவில் சரளமாக வரவில்லை. ஆனால் 1935இல் தானாக முன்வந்து எகிப்தியக் குடியுரிமை பெற்றார். வெளிநாட்டவர்களுக்குத் தனி நீதிமன்றமே இருந்த காலத்தில் அது சலுகையைத் தூக்கி எறியும் செயல். 1942இல் ஜெர்மன் தளபதி ரோம்மெலின் படை எகிப்தின் எல் அலமைன் வரை வந்தபோது கெய்ரோவின் வசதியான யூதர்கள் பலர் பாலஸ்தீனத்துக்குக் கிளம்பினார்கள். க்யூரியெல் போக மறுத்தார்.

1943இல் ‘தேசிய விடுதலைக்கான எகிப்திய இயக்கம்’ என்ற கம்யூனிஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். பெயரில் தேசிய விடுதலையை முன்னே வைத்தது தற்செயல் அல்ல. பிரிட்டிஷாரை வெளியேற்றுவதே முதல் வேலை என்பது அவர் கணக்கு. சூடானிய மாணவர்கள் தமக்கென ஓர் அமைப்பு கட்டவும் உதவினார். 1947இல் இயக்கம் வேறொரு குழுவோடு இணைந்து நாட்டின் பெரிய கம்யூனிஸ்ட் அமைப்பானது. அதே ஆண்டு ஐ.நா.வின் பாலஸ்தீனப் பிரிவினைத் திட்டத்தை, சோவியத் வழியைப் பின்பற்றி, அது ஏற்றது. தலைவர் யூதர் என்பதால் எதிரிகளுக்கு அது வெல்லமாகப் போயிற்று. 1948இல் கைது, 1950இல் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடுகடத்தல்.

எகிப்து துரத்திய பிறகு அவர் அல்ஜீரியாவுக்காக உழைத்தார். பிரான்ஸில் இருந்த அல்ஜீரியத் தொழிலாளர்கள் திரட்டிய பணத்தை எல்லை கடத்தும் வலைப்பின்னலை நடத்தினார். 1960இல் பிடிபட்டு 1962 வரை ஃப்ரேன் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க விடுதலை இயக்கங்களுக்குப் போலி ஆவணம், மறைவிடம், பயிற்சி எனத் துணைநின்ற அமைப்பு ஒன்றைக் கட்டினார். 1978 மே 4 அன்று பாரிஸில் தன் வீட்டு லிஃப்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரான்ஸ் 2018இல் வழக்கை மறுபடி திறந்தது. கெய்ரோவில் க்யூரியெல் குடும்பத்தின் மாளிகை இன்று அல்ஜீரியத் தூதரகத்தின் வசம் இருக்கிறது.

நாட்டை விட்டுப் போகாதவர்களும் உண்டு. வழக்கறிஞர் ஷெஹாத்தா ஹாரூன் எத்தனை முறை சிறைப்பட்டும் கெய்ரோவிலேயே வாழ்ந்து 2001இல் மறைந்தார். அவர் மகள் மக்தா 2013இல் கெய்ரோ யூதச் சமூகத்தின் தலைவரானார். அப்போது அந்தச் சமூகத்தில் எஞ்சியிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய மூதாட்டிகள்.

பாக்தாதில் என்ன நடந்தது?

முதல் உலகப் போர்க் காலத்தில் பாக்தாத் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். இராக்கின் முதல் நிதியமைச்சர் சாசோன் எஸ்கெல் யூதர். எண்ணெய் வருவாயைத் தங்க மதிப்பில் தர வேண்டும் என்று பிரிட்டிஷ் நிறுவனத்திடம் அடம்பிடித்து வாங்கியவர் என்று இராக்கியர்கள் அவரை நினைவுகூர்கிறார்கள்.

1941 ஜூன் 1, 2 ஆகிய நாள்களில் நடந்த ‘ஃபர்ஹூத்’ என்னும் கலவரத்தில் பாக்தாதில் 150க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் படை நகரின் விளிம்பில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை. இதற்குப் பிறகு இளைஞர்களில் ஒரு பகுதி, பாலஸ்தீனத்தில் யூதருக்கெனத் தனி நாடு கேட்ட சியோனிசத்தின் இரகசிய இயக்கத்துக்குப் போனது. இன்னொரு பகுதி கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது.

இரண்டாம் பகுதியினர் 1946இல் ‘சியோனிச எதிர்ப்புக் கழகம்’ என்ற பெயரில் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தலைவர் யூசுஃப் ஹாரூன் ஸில்கா. சியோனிசமும் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, இரண்டையும் எதிர்க்காமல் இராக் யூதருக்கு விடிவில்லை என்பது அவர்கள் வாதம். நாளிதழும் நடத்தினார்கள். யூதர்களே முன்னின்று முஸ்லிம்களையும் சேர்த்துக்கொண்டு பிரிட்டனுக்கு எதிராகக் கூட்டம் போடுவதை அரசால் சகிக்க முடியவில்லை. அதே ஆண்டு ஜூனில் பாக்தாதில் நடந்த ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் ஒருவர் ஷாவுல் துவைக் என்ற இளைஞர். கழகம் தடை செய்யப்பட்டது.

1949 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஃபஹதைத் தூக்கிலிட்டபோது யெஹூதா சித்தீக் என்ற யூதத் தோழரையும் தூக்கிலிட்டார்கள். அடுத்து சாசோன் தலால். அடுத்த இரண்டே ஆண்டுகளில், குடியுரிமையைத் துறந்தால் போகலாம் என்ற சட்டமும் போகிறவர்களின் சொத்தை முடக்கும் சட்டமும் வர, ஏறத்தாழ 1,20,000 யூதர்கள் இராக்கை விட்டு இஸ்ரேலுக்கு விமானம் ஏறினார்கள். அவர்களில் சியோனிசத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்களும் இருந்தார்கள். வேறு வழி இருக்கவில்லை.

மொராக்கோவின் செர்ஃபாத்தியை ஏன் ‘இரண்டு அரசுகளின் கைதி’ என்று சொல்ல வேண்டும்?

ஏனென்றால் பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் காவலில் வைத்து நாடுகடத்தினார்கள், விடுதலை பெற்ற மொராக்கோவும் அதையே செய்தது. ஆபிரகாம் செர்ஃபாத்தி 1926இல் காசாபிளாங்காவில் பிறந்த சுரங்கப் பொறியாளர். 1950களின் தொடக்கத்தில் விடுதலைப் போராட்டத்துக்காகப் பிரெஞ்சு நிர்வாகம் அவரைப் பிரான்ஸில் வீட்டுக்காவலில் வைத்தது. 1956க்குப் பின் திரும்பி வந்து பாஸ்பேட் துறையில் உயர் பதவி வகித்தார். 1968இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஆதரித்ததால் பதவி போயிற்று. கவிஞர் அப்தெல்லத்தீஃப் லாபியின் ‘சூஃப்ல்’ இதழில் எழுதினார்; 1970இல் ‘இலா அல் அமாம்’ என்ற புரட்சி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

1974இல் பிடிபட்டார், 1977இல் ஆயுள் தண்டனை. மொராக்கோ தனதென்று கோரிய மேற்குச் சகாராவின் மக்களுக்குத் தன்னுரிமை உண்டு என்று சொன்னதை மன்னர் இரண்டாம் ஹசன் மன்னிக்கவே இல்லை. நேற்று காலனியாக இருந்த நாடு இன்று வேறொரு நிலத்தை விழுங்கினால் அதையும் அதே சொல்லால்தான் அழைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது. 17 ஆண்டுகளுக்குப் பின் 1991இல் விடுவித்து, அவர் மொராக்கோக்காரரே அல்லர், பிரேசில்காரர் என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து விமானத்தில் ஏற்றினார்கள்! தந்தை இளமையில் பிரேசிலில் இருந்ததுதான் அதற்கு ஆதாரம். ஹசன் இறந்தபின் 1999இல் ஊர் திரும்பி, 2010இல் மராக்கெஷில் காலமானார்.

ஏன் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள்?

வேறு கதவு திறந்திருக்கவில்லை. தேசிய இயக்கங்கள் மதத்தையும் மொழியையும் கொடியாகப் பிடித்தபோது, மதம் கேட்காமல் உறுப்பினர் அட்டை கொடுத்தது கம்யூனிஸ்ட் கட்சி மட்டுமே. ஹிட்லரைத் தோற்கடித்த சோவியத்தின் மதிப்பும் அப்போது உச்சத்தில் இருந்தது. அதன் விலையையும் அவர்கள் கொடுத்தார்கள்: மாஸ்கோ 1947இல் பிரிவினையை ஆதரித்ததும் எகிப்திலும் இராக்கிலும் தோழர்கள் ஒரே இரவில் பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று.

அப்படியானால் இவர்கள் எல்லோரும் இஸ்ரேலை எதிர்த்தவர்களா?

இல்லை. செர்ஃபாத்தி கடைசி வரை சியோனிசத்தின் எதிரி. பாலஸ்தீனருக்கு நடந்ததையும் அரபு யூதரின் வேர் அறுந்ததையும் ஒரே கதையாகப் பார்த்தார். மெம்மியோ, சியோனிசம் யூதரின் தேசிய விடுதலை இயக்கம் என்றே கருதினார். துனிசியருக்கு நாடு வேண்டும் என்று சொல்லிவிட்டு யூதருக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். க்யூரியெல் இருவருக்கும் நடுவில்: இஸ்ரேலியர்களையும் பாலஸ்தீனர்களையும் 1970களிலேயே பாரிஸில் இரகசியமாகச் சந்திக்க வைத்தவர். காலனியத்தை எதிர்த்தவர் என்றதும் பாலஸ்தீனத்தைப் பற்றி அவர் கருத்து என்ன என்பதை நாமே நிரப்பிக்கொள்வது சோம்பேறித்தனம்.

மெம்மியின் வாதத்தில் எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது. யாருடைய நிலத்தில் அந்த விடுதலை நடந்தது என்ற கேள்வியை, 1957 நூலை எழுதிய மெம்மி கேட்டிருப்பார். பிந்தைய மெம்மி போதிய அளவு கேட்கவில்லை.

காலனிய எதிர்ப்பு யூத மதத்தின் அறத்திலிருந்து வந்ததா?

அப்படிச் சொல்ல ஆசைதான். எகிப்தில் அடிமைப்பட்டு மீண்ட கதையை ஆண்டுதோறும் பாஸ்கா விருந்தில் வாசிக்கும் சமூகம் அல்லவா? ஆனால் அதே விருந்தில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆட்சியை எதிர்க்கவில்லை. க்யூரியெலும் அலெக்கும் மத நம்பிக்கையாளர்கள் அல்லர். மதத்தைவிட, அவர்கள் நின்ற இடமே அதிகம் விளக்குகிறது.

விடுதலைக்குப் பிறகு இவர்களுக்கு என்ன ஆயிற்று?

1963ஆம் ஆண்டின் அல்ஜீரியக் குடியுரிமைச் சட்டம், தந்தைவழியில் முஸ்லிம் சட்டநிலை கொண்ட முன்னோர் உள்ளவரையே பிறப்பால் அல்ஜீரியர் என்றது. மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த மண்ணில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்து, அந்த நாட்டுக்காகச் சிறையிலிருந்தவரும் அரசு அலுவலக வரிசையில் நின்று, தான் அல்ஜீரியர் என்று நிரூபிக்க வேண்டும். 1870இல் பிரான்ஸ் மதத்தை வைத்துப் போட்ட கோட்டை, விடுதலை பெற்ற அரசு அழிக்கவில்லை. திசையை மாற்றிப் போட்டது. அலெக் 1965 ராணுவப் புரட்சிக்குப் பின் அல்ஜீரியாவை விட்டு வெளியேறினார்.

இதற்காக விடுதலைப் போராட்டமே வீண் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் பேசப்பட்டவர்களில் எவரும் அந்த வாதத்தை ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இந்தியாவோடும் தமிழர்களோடும் தொடர்பு உண்டா?

உண்டு, அது தென்னாப்பிரிக்கா வழியாக வருகிறது. ஜோகன்னஸ்பர்கில் காந்தியின் நெருங்கிய வெள்ளையர் தோழர்களில் மூவர் யூதர்கள்: கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், பத்திரிகையாளர் ஹென்றி போலக், செயலாளர் சோன்யா ஷ்லேசின். 1910இல் டால்ஸ்டாய் பண்ணைக்கு 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர் காலன்பாக். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்கள் ஏராளம். 1913இல், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள்மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நேட்டாலிலிருந்து ட்ரான்ஸ்வாலுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நடந்த பேரணியில் போலக்கும் காலன்பாக்கும் கைதானார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் இதே போராட்டத்தில்தான்.

கொச்சியில் ஏ.பி. சேலம் என்ற யூத வழக்கறிஞர் இருந்தார். சென்னையில் சட்டம் படித்தவர். 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனவர். அவர் சத்தியாக்கிரகத்தைப் பயன்படுத்தியது ஆங்கிலேயருக்கு எதிராக மட்டுமல்ல: அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லித் தன் பிரிவினரை இருக்கையில் உட்கார விடாத பரதேசி யூதத் தொழுகைக்கூடத்துக்கு எதிராகவும்தான். ‘யூத காந்தி’ என்று அவரை அழைத்தார்கள். வெளியே உள்ள ஆதிக்கத்தையும் வீட்டுக்குள் உள்ள ஆதிக்கத்தையும் ஒரே முறையில் எதிர்த்தவர் என்பதால், சாதியை அறிந்த நமக்கு அவர் சட்டென்று புரிவார்.

தென்னாப்பிரிக்காவின் யூதர்கள் எல்லோரும் நிறவெறியை எதிர்த்தார்களா?

எல்லோரும் அல்லர். 1963இல், நிறவெறி எதிர்ப்பாளர்களின் மறைவிடமாக இருந்த ரிவோனியா பண்ணை வீட்டில் போலீஸ் பிடித்த வெள்ளையர்களில் பெரும்பாலோர் யூதர்கள். நெல்சன் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்ற டெனிஸ் கோல்ட்பெர்க் 22 ஆண்டுகள் பிரிட்டோரியா சிறையில் இருந்தார். ஆனால் அந்த வழக்கில் அரசுத் தரப்பில் நின்று வாதாடிய பெர்சி யூட்டாரும் யூதர்தான். சமூகத்தின் அதிகாரபூர்வ அமைப்பு, தனி உறுப்பினர்களின் அரசியலுக்குத் தான் பொறுப்பல்ல என்று பல பத்தாண்டுகள் ஒதுங்கியிருந்து, 1985இல்தான் நிறவெறியை வெளிப்படையாக நிராகரித்தது. அல்ஜியர்ஸில் கேட்ட அதே பதில், வேறு ஊரில்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

அலெக்கின் சிறைக் குறிப்பிலிருந்து. சிறியது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அதன் பிறகு மெம்மியின் 1957 நூலை எடுங்கள். முதல் பாதியைப் படிக்கும்போது பிரான்ஸை மறந்துவிட்டு, உங்கள் அலுவலகத்தில் யாருக்கு யார் நாற்காலி போடுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே படியுங்கள்.